இரண்டும் இடது கை

2004-ஆம் ஆண்டு, ஆடி மாதம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரே தெருவில், நான்கு வீடு இடைவெளியில், இரண்டு ஆயாக்களைச் சந்தித்தேன். இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. இருவரும் பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவர்கள். சின்ன வயதிலிருந்து பீடி சுற்றியவர்கள். அன்று நான் போட்ட மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். 30-க்கு ஒருவருக்கு 14, இன்னொருவருக்கு 15. என் கையிலிருந்த தாளின் கணக்குப்படி இருவருக்குமே மறதிநோய் இருக்க வேண்டும். உண்மையில் ஒருவருக்கு மட்டும்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அந்த வீட்டு மருமகள்.

உளவியலில் முதுகலை முடித்த கையோடு, முதியவர்களின் மறதிநோய் பற்றிய ஓர் ஆய்வில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். 65 வயது தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, தாளில் உள்ள கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். முதல் ஆயா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "வா கண்ணு, குந்து" என்று பாயை நகர்த்திப் போட்டார்.

"இன்னிக்கு என்ன தேதி, ஆயா?"

"தேதி இன்னாத்துக்கு? ஆடிக் கிருத்திகை போயி மூணாம் நாளு."

"எந்த வருஷம்?"

"எங்க ஊட்டுக்காரரு போயி பதினோரு வருசம்."

தாளில் அதற்கு இடம் இல்லை. பூஜ்யம் போட்டேன். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னேன். அவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்துக் கேட்டார்: "எதுல நூறு, கண்ணு?" எனக்குப் பதில் தெரியவில்லை. வெறும் நூறு என்று ஒன்று அவர் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. நூறு பீடி இருந்தது, நூறு ரூபாய் இருந்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டதற்கு, "லட்சுமி, கறுப்பி, செவல…" என்று தன் மாடுகளின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். பென்சிலைக் கொடுத்துப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னபோது, வாழ்நாளில் முதல்முறையாக அதைப் பிடித்தார். கோடு நடுங்கி நின்றது. ஆனால் நான் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவர் விரல்கள் இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, எண்ணிக் கட்டிக்கொண்டே இருந்தன. ஒரு கட்டுக்கு 25 பீடி. கிளம்பும்போது அவர் மருமகளிடம் விசாரித்தேன். "அத்த கட்டுன கட்ட கடையில எண்ணவே மாட்டாங்க கா. அப்பிடியே வாங்கிப்பாங்க" என்றாள்.

நான்கு வீடு தள்ளி இரண்டாவது ஆயா. அதே கேள்விகள், அதே போன்ற பதில்கள். மதிப்பெண் 15. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு மருமகள் பின்னாலேயே வேலி வரைக்கும் வந்தாள். உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கட்டுல 23 இருக்குது கா, ஒண்ணுல 28 இருக்குது. ஒரு வருசமா இப்பிடித்தான். ராத்திரி எல்லாரும் தூங்கனப்புறம் நான் பிரிச்சி எண்ணி மறுபடி கட்டறேன். யாராண்டயும் சொல்லாதீங்க. எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாது."

ஊர் முழுக்க எண்ணாமல் வாங்கிய கையில் கணக்கு தப்பியிருந்தது. அந்தக் கை முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தவளுக்குத்தான் அது தெரியும். அன்று மாலை எங்கள் குழுவின் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் காட்டினார். "முன்பக்கம் அவங்க இன்னிக்கு எங்க நிக்கறாங்கன்னு சொல்லும். எங்கேர்ந்து இறங்கி வந்தாங்கன்னு பின்பக்கம்தான் சொல்லும். இறங்கினாத்தான் நோய்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு யார் சொன்ன பாடமும் அவ்வளவு ஆழமாகப் பதிந்ததில்லை.

அந்தத் தாளின் கதையையும் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் 30 மதிப்பெண் சோதனையை 1975-இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ ஆகிய மூவரும் வெளியிட்டார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் நோயாளியைச் சில நிமிடங்களில் பரிசோதிப்பதற்காக உருவானது அது. தேதி, இடம், மூன்று சொற்களைக் கேட்டு நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது, கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுவது, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது என்று போகும். 24-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். நீங்கள் எத்தனையாவது மாடியில் இருக்கிறீர்கள் என்றுகூட மூலத்தில் ஒரு கேள்வி உண்டு. கூரை வீட்டுத் திண்ணையில் அதை யாரிடம் கேட்பது?

இந்தச் சிக்கலை எங்களுக்கு முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். மேரி கங்குலியும் அவருடைய குழுவினரும் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் வேலை செய்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக இந்தச் சோதனையை இந்தியில் மாற்றியமைத்து 1995-இல் வெளியிட்டார்கள். 'கண்ணை மூடு' என்று எழுதிய அட்டையைப் படித்து அதன்படி செய்ய வேண்டிய இடத்தில், 'என் முகத்தைப் பார், நான் செய்வதைச் செய்' என்று கேட்பவர் தன் கண்ணை மூடிக் காட்டுவார். வாக்கியம் எழுத வேண்டிய இடத்தில், வாயால் ஒன்று சொன்னால் போதும். சோதிக்கும் திறன் அதேதான். பள்ளிக்கூட வாசனை மட்டும் கழிந்துவிட்டது.

தாள் தப்பாகப் பேசுவது படிக்காதவர்களிடம் மட்டுமில்லை. அதே ஆண்டு வேறொரு ஊரில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரைப் பார்த்தேன். வேட்டி மடிப்புக் கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்து, தேதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். கழித்தல் தண்ணீர்பட்ட பாடு. 30-க்கு 28. கடைசியாக ஒரு கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னேன். வட்டம் அழகாக விழுந்தது. எண்கள் வரிசையாக நின்றன. பிறகு ஒரு முள்ளை 11-க்கும் இன்னொரு முள்ளை 10-க்கும் இழுத்துவிட்டு, பென்சிலை வைத்துவிட்டார். பதினொன்று பத்து என்ற சொல் அவருக்குக் காதில் விழுந்தது. அதை நேரமாக மாற்றும் வேலைதான் நடக்கவில்லை. காபி கொண்டுவந்த அவர் மனைவி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பால்காரருக்கு இந்த மாசம் மூணு தடவை பணம் குடுத்திருக்காரும்மா. பென்ஷன் வாங்கப் போன பேங்க்லேர்ந்து திரும்ப வழி தெரியாம நின்னாரு. பெரிய படிப்பு படிச்சவரு, அவரைப் போய் எப்படிச் சொல்றது?" என்றார். அதுவரை அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

1901-இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அலாய்ஸ் அல்சைமர் பார்த்த, பின்னர் அவர் பெயராலேயே அறியப்பட்ட மறதிநோயின் முதல் நோயாளியான அகஸ்டே டீட்டருக்கு 51 வயது. அவரை அழைத்துவந்தவர் கணவர். கணவரின் பெயர் என்ன என்று அல்சைமர் கேட்டபோது, அந்தப் பெண் தன் சொந்தப் பெயரையே சொன்னார் என்று குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டுக்கு முன்னால் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சமையலில் தடுமாறுகிறாள், பொருளை வைத்த இடம் தெரியாமல் தவிக்கிறாள், முன்பு இப்படி இல்லை என்று வந்து சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். அந்த நோயின் கதையே வீட்டு மனிதரின் சாட்சியில்தான் தொடங்குகிறது.

நம் ஊரில் அந்தச் சாட்சி பேசுவதில்லை. 2008-இல் லான்செட் இதழில் 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவின் முடிவுகள் வந்தன. உலகில் மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி நடப்பதில்லை என்பதைச் சொல்லும் பெயர் அது. அவர்கள் தேர்ந்தெடுத்த இந்தியக் கிராமப்புறம் எங்கள் வேலூர்ப் பக்கம். வழக்கமான அமெரிக்க வரையறையை வைத்துப் பார்த்தபோது கியூபாவில் 65 வயது தாண்டியவர்களில் 6.3 சதவீதம் பேருக்கு மறதிநோய். நம் கிராமத்தில் 0.3 சதவீதம். படித்தவுடன் சிலர் பெருமைப்பட்டார்கள், நம் சாப்பாடு, நம் குடும்பம் என்று. ஆனால் அந்த வரையறையில் நோய் என்று சொல்ல, அன்றாட வேலைகள் தடுமாறுகின்றன என்று வீட்டார் சொல்ல வேண்டும். மருமகள் சமைத்துவிடுகிறாள், மகன் பணத்தைப் பார்த்துக்கொள்கிறான், "வயசானா அப்படித்தானே" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். தடுமாறுவதற்கு ஒரு வேலையே மிச்சமில்லை. தடுமாறினாலும் அது குறையாகப் பதிவாவதில்லை. ஆய்வாளர்களே இதை உணர்ந்து, உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப அமைத்த தங்கள் முறையில் பார்த்தபோது எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. அந்த 0.3-க்குப் பின்னால் வேலி வரைக்கும் வந்து குரலைத் தாழ்த்திய அந்தப் பெண்ணின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. வேலி வரைக்கும் வராதவர்கள் எத்தனை பேரோ?

இவ்வளவும் தெரிந்திருந்தும் என் வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை.

அம்மா ஆற்காட்டில் நாற்பது வருடம் ஜாக்கெட் தைத்தவர். அளவு ஜாக்கெட்டை ஒருமுறை விரித்துப் பார்த்தால் போதும், டேப் எடுக்க மாட்டார். அப்பா இறந்த பிறகு அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். நான் சென்னையில். ஞாயிறுதோறும் போன் பேசுவேன். சாப்பிட்டியா, பசங்க எப்படி, அங்க மழை பெஞ்சுதா, உடம்பைப் பாத்துக்கோ. அம்மா தெளிவாகத்தான் பேசினார். அந்த நான்கு வாக்கியங்களும் தினமும் நடந்த வழி மாதிரி. அதில் யாருக்கும் கால் தவறாது. நான் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போனை வைத்தேன், வாரா வாரம்.

2013 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அண்ணி தன் தம்பி மனைவியின் பிரசவத்துக்காகப் பத்து நாள் ஊரில் இல்லை. நான் போன அன்றுதான் திரும்பியிருந்தார். அம்மா எனக்காகத் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டைப் பெரும்பொங்கல் காலையில் போட்டுக்கொண்டேன். இடது கை சரியாக இருந்தது. வலது கை அக்குளில் பிடித்து இழுத்தது. கழற்றிப் பார்த்தேன். ஜாக்கெட் கையின் முன்பக்க வளைவு சற்று ஆழமாக இருக்கும், பின்பக்கம் கொஞ்சம் நிறைந்து நிற்கும். இடது, வலது என்று எதிரெதிராக வெட்ட வேண்டும். தையல் பழகும் பெண்கள் முதல் மாதத்தில் செய்யும் தப்பு, ஒரே பக்கத்துக்கு இரண்டு கை வெட்டிவிடுவது. அம்மா தன்னிடம் பழக வந்த எத்தனையோ பெண்களை இதற்காகத் திட்டியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் கையிலிருந்த ஜாக்கெட்டில் இரண்டும் இடது கை.

அன்றிரவு பின்கட்டு அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணி தரையில் உட்கார்ந்து, பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐந்தாறு ஜாக்கெட்டுகள். அண்ணி இல்லாத பத்து நாளில் அம்மா தைத்தவை.

"எத்தனை நாளா அண்ணி இப்படி?"

"முந்தின தீபாவளி ஆர்டர்லேர்ந்து."

பதினான்கு மாதம். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அண்ணி பிளேடைக் கீழே வைத்தார். "நான் சொன்னா எப்படி எடுத்துப்பீங்க? மாமியாருக்குப் புத்தி சரியில்லைன்னு மருமக சொல்றா, வச்சுப் பாத்துக்க மனசில்லைன்னுதானே? உங்க அண்ணன்கிட்ட ஒருதடவை ஆரம்பிச்சேன். எங்கம்மாவைப் பத்திப் பேசாதேன்னுட்டாரு. அத்தைக்கும் கஸ்டமர் முன்னாடி அவமானம் வந்துடக் கூடாதுல்ல."

ஒன்பது வருடம் ஊர் ஊராகப் போய் மருமகள்களிடம் கேள்வி கேட்டவள் நான். என் அண்ணியிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அதை இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

முதலில் போன ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நிமிடம் பார்த்தார்கள். பிரதமர் பெயரைக் கேட்டார்கள், அம்மா சொன்னார். வயசுக்கு இது சகஜம் என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பினார்கள். பிறகு ஓர் அரசு மருத்துவமனையின் முதியோர் மருத்துவப் பிரிவுக்குப் போனோம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிச் சிகிச்சையைத் தொடங்கி, நாட்டுக்கே வழி காட்டிய மாநிலம் இது. நாங்கள் போன பிரிவில் எங்களுக்கு முழுக் காலையையும் ஒதுக்கினார்கள்.

நான் படித்ததையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்ல கூடவே இருக்கறது யாரு?" என்றார். அண்ணியைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். அண்ணனையும் என்னையும் வெளியே உட்கார வைத்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. எப்போது தொடங்கியது, திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா, அடுப்பை மறக்கிறாரா, காசு கணக்கு எப்படி, கேட்டதையே கேட்கிறாரா, விழுந்தாரா, தூக்கம் எப்படி, இல்லாத ஆளைப் பார்க்கிறாரா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். அண்ணி பதினான்கு மாதம் மனதுக்குள் எழுதி வைத்திருந்ததை அன்று முழுவதுமாகச் சொல்லி முடித்தார். வெளியே வந்தபோது அவர் முகம் அழுதிருந்தது.

பிறகு அம்மாவைச் சோதித்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தார். "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்றால் அண்ணி பக்கம் திரும்பி, "நீதான் சொல்லேன்" என்றார். இப்படித் துணையைத் தேடித் திரும்புவதையே ஒரு அறிகுறியாக மருத்துவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிந்தது. தன் நினைவு யாரிடம் பத்திரமாக இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

காது, கண் பார்த்தார்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டார்கள், அப்பா போன துக்கமும் நினைவை மங்கச் செய்யும் என்பதால். தைராய்டு, பி12 வைட்டமின், சர்க்கரை, சோடியம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். மூளை ஸ்கேன் எடுத்தார்கள். இவற்றில் ஒன்று கெட்டாலும் புத்தி தடுமாறும். பல நேரம் சரிசெய்யவும் முடியும். நான்கே நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் போன ஒரு தாத்தாவைக் களத்தில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் முற்றிய மறதிநோய் என்றார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து கொடுத்த பத்தாம் நாள் அவர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "போன வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா இருந்தாரு" என்று அவர் மனைவி அழுத்திச் சொன்னதுதான் அவரைக் காப்பாற்றியது.

அம்மாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டதில் நடையில் தெம்பு வந்தது. மற்றபடி நோய் அல்சைமர்தான். கொடுத்த மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, சிலருக்குச் சில காலம் தாங்கிப் பிடிக்கும் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். ஆனால் நோய்க்குப் பெயர் கிடைத்ததும் வீடு மாறியது. அண்ணன் கோபப்படுவதை நிறுத்தினார். வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் எல்லாம் அம்மா சம்மதத்தோடு, அவருக்குப் புரியும்போதே ஒழுங்கானது. அடுப்பைப் பற்றவைக்க அண்ணி கூட நின்றார். ஆர்டர் வாங்குவது நின்றது, தையல் நிற்கவில்லை. அண்ணி தைத்த ஜாக்கெட்டுகளுக்கு அம்மா கொக்கி வைத்துக்கொடுத்தார். கடைசி வருடத்துக்கு முன்புவரை, என் பெயர் மறந்த பிறகும், அந்த விரல்கள் கொக்கி தைத்தன. 2019-இல் அம்மா போனார். இரவில் ஒளித்துப் பிரித்த அந்தப் பதினான்கு மாதத்தை மட்டும் அண்ணியிடமிருந்து நான் திருப்பி வாங்க முடியாது.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார், கட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டு, தையலைப் பிரித்துத் தைத்துக்கொண்டு. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மருத்துவரிடம் போகும்போது கூடவே இருப்பவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவரைத் தனியாகப் பேச விடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்வீர்கள் அல்லவா? அம்மாவிடம் பேசி முடித்ததும் வைத்துவிடாதீர்கள். போனை அண்ணியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "அம்மா முன்ன மாதிரி இருக்காங்களா, அண்ணி?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.